ஆள் இருப்பு

ஜூன் 3, திங்கள்

மூன்று நாள் யோசனைக்குப் பிறகு, இன்று காலை ஒன்பது நாற்பதுக்கு, முன்னுரையை இனி 'முன்னுரை' என்று அழைப்பதில்லை என முடிவெடுத்தேன். அதன் பெயர் 'நுழைவாயில்'. முன்னுரை என்றால் வாசகர் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார். நுழைவாயில் வழியாக வராமல் எவரும் உள்ளே போக முடியாது. பிற்கால ஆய்வாளர்களுக்குத் தேவைப்படலாம் என்பதால் நேரத்தையும் குறித்து வைக்கிறேன்.

புத்தகம் இன்னும் எழுதப்படவில்லை. அதன் ஆசிரியரும் நான் அல்ல.

என் பழைய மாணவி எஸ்தர் இப்போது வக்கீல். போன வாரம் தேசம்மா என்ற பெண்ணை அழைத்து வந்தாள். இருளர், முப்பத்து மூன்று வயது இருக்கலாம் என்று அவளே ஊகிக்கிறாள். ஒரு ரைஸ் மில்லில் பதினொரு வருடம் கொத்தடிமையாக இருந்து, போன அக்டோபரில் தப்பி வந்தவள். தங்கை பச்சையம்மா உள்ளிட்ட பன்னிரண்டு பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். தேசம்மா சொல்வதைப் பதிவு செய்து நான் புத்தகமாக்க வேண்டும். புத்தகம் சார் ஆட்சியரிடம் மனுவோடு தாக்கலாகும். அவர் விசாரித்து இவர்கள் கொத்தடிமைகள் என்று ஏற்றுக்கொண்டால் பன்னிரண்டு பேரும் விடுதலைச் சான்றோடு வெளியே வருவார்கள்.

இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று எஸ்தர் சொன்னாள். உண்மை. 'அடிமைப் பெண்களின் வாக்குமூலங்கள்: வரலாறும் வாதமும்' என்ற என் ஆய்வு நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அமெரிக்க அடிமைப் பெண்களின் தன்வரலாறுகளுக்கு முன்னுரை எழுதிய கனவான்கள், சாட்சி சொல்கிறோம் என்ற பெயரில் தங்கள் சொற்களை அப்பெண்களின் வாயில் திணித்ததை மூன்றாம் இயலில் அறுபது பக்கங்களில் நிறுவியிருக்கிறேன். அச்சிட்டது முந்நூறு பிரதிகள். இருநூற்று நாற்பது என் வீட்டுப் பரணில் பத்திரமாக உள்ளன.

ஜூன் 6, வியாழன்

தேசம்மா பத்து மணிக்கு வருகிறாள். கூடத்தில் தரையில் உட்காருகிறாள். அவள் விருப்பம் அது. நான் நாற்காலியில். கைப்பேசி எங்கள் இருவருக்கும் நடுவில், முக்காலியில்.

இன்று நெல் அவிப்பது பற்றிச் சொன்னாள். தொட்டியில் ஊறப்போட்டு, அவித்து, களத்தில் கொட்டி, வெயிலில் காலால் கிளறிக்கொண்டே நடக்க வேண்டுமாம். எத்தனை மணி நேரம் அவியும் என்று கேட்டேன். எனக்குத் தெரியாது என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

"எம்மா புக்கு வச்சிகினு கீறீங்க, சோறு எங்கேந்து வருதுன்னு ஒண்ணுத்துலயும் போடலியா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பதிவில் அது இருக்கிறது.

பிறகு டம்ளரின் அடியில் இருந்த டீயைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நெல்லு காஞ்சா அள்ளிடுவாங்க டீச்சரம்மா. எங்கள அள்ளவே இல்ல."

சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் டீ இருக்குமா என்று கேட்டாள்.

ஜூன் 7, வெள்ளி

எதுவும் எழுதவில்லை. தண்ணீர்த் தொட்டி கழுவப்பட்டது.

ஜூன் 12, புதன்

பதிவு நாற்பத்தெட்டு நிமிடம். சுருக்கம் வருமாறு.

மில் ஆபீசில் ஒரு பலகை உண்டு. மாலையானால் மேஸ்திரி சாக்பீஸால் எழுதுவார்: நெல் இருப்பு இத்தனை, அரிசி இருப்பு இத்தனை, உமி இருப்பு இத்தனை. கடைசி வரி, ஆள் இருப்பு இத்தனை. தேசம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தக் கடைசி வரியை மட்டும் படிக்கத் தெரியும். எண் குறைந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்ததால் அதைக் கற்றுக்கொண்டாளாம்.

சனிக்கிழமை சந்தை. ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர்தான் போகலாம். இன்னொருவர் உள்ளே இருக்க வேண்டும். அப்படி இருப்பவருக்குப் பெயர் இருப்பு. போனவர் திரும்பாவிட்டால் இருப்புக்கு அடி. அவள் கணவன் நான்காம் வருடம் காய்ச்சலில் இறந்த பிறகு அக்காளுக்குத் தங்கை இருப்பு, தங்கைக்கு அக்காள் இருப்பு.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை பச்சையம்மாதான் சொன்னாளாம்: நீ போய் யாரிடமாவது சொல், நான் இருப்பு இருக்கிறேன்.

"நான் சந்தைக்குத்தான் வந்தேன் டீச்சரம்மா" என்றாள் தேசம்மா. "இன்னும் திரும்பல. அவ இன்னும் எனக்கு இருப்புதான்."

இதே கருத்தை என் ஆய்வேட்டில் 'பிணைய உடல்' என்ற கலைச்சொல்லால் பதினேழு பக்கங்களில் விளக்கியிருக்கிறேன். அதை அவளிடம் சொன்னேன். அப்படிங்களா என்றாள்.

ஜூன் 20, வியாழன்

எஸ்தர் வந்து முதல் இரண்டு அத்தியாயங்களை என் சமையலறையில் நின்றபடியே படித்து அழுதாள். அவள் என் வகுப்பில் மூன்று வருடம் இருந்தாள். அங்கே அழுததாக நினைவில்லை.

"இந்த ஒரு வார்த்தை போதும் மேடம். வெளிய போக விடலங்கிறதுதான் சட்டம் கேக்குற விஷயம். கேஸே 'இருப்பு'ல இருக்கு."

மாலை பதிப்பாளர் அறவாழி தொலைபேசியில் அழைத்தார். எஸ்தர் சொல்லிவிட்டிருக்கிறாள். புத்தகத்துக்கு 'இருப்பு' என்றே தலைப்பு வைத்துவிடலாம் என்றார். நான் 'சங்கிலியின் நிழலில்' என்று ஒரு தலைப்பு கொடுத்திருந்ததை நினைவூட்டினேன். அதுவும் நல்லாத்தான் இருக்கு மேடம் என்றார். அந்த 'உம்'மைக் குறித்துக்கொண்டேன். நுழைவாயில் எந்த அளவில் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. முப்பத்தொரு பக்கத்தில் இருக்கிறது.

கோவைக்காய்ப் பொரியல் தீய்ந்துவிட்டது.

ஜூன் 23, ஞாயிறு

நகரக் கூடத்தில் கருத்தரங்கம். நான் நாற்பது நிமிடம் பேசினேன். அடிமைப் பெண்களின் எழுத்து சாட்சியமா, அரசியல் வாதமா, இரண்டும் ஒன்றாகும் புள்ளி எது என்பது பொருள். இருபதாவது நிமிடத்தில் டீ வந்தது. அதற்குப் பிறகு கூட்டம் என் பக்கம் முழுமையாகத் திரும்பவில்லை.

தேசம்மா ஏழு நிமிடம் பேசினாள். ஒலிவாங்கியை எப்படிப் பிடிப்பது என்றே அவளுக்குத் தெரியவில்லை. அகப்பையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள். முடித்ததும் கூடம் எழுந்து நின்றது. நானும் எழுந்தேன், முழங்கால் வலியோடு.

வெளியே என் முன்னாள் மாணவி ஒருத்தி ஓடி வந்தாள். மேடம், மேடம் என்றாள். தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். கைப்பேசியை என்னிடம் நீட்டி, தேசம்மாவோடு தன்னை ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாள். நான்கு எடுத்தேன். எல்லாம் தெளிவாக வந்திருந்தன.

ஜூலை 1, திங்கள்

'இருப்பு' என்ற சொல்லை அமைதியாக, காய்தல் உவத்தல் இன்றிப் பரிசீலித்தேன். அது கிடங்கில் புழங்கும் வணிகச் சொல். ஒரு பெண்ணின் துயரத்தைத் தாங்காது. மேலும் தத்துவத்தில் இருப்பு என்பதற்கு வேறு பொருள் உண்டு. புத்தகக் கடைக்காரர் இதை இருத்தலியல் வரிசையில் அடுக்கிவிடுவார்.

ஆகவே தெளிவு கருதி, 'இருப்பு இருந்தாள்' என வரும் இடங்களில் 'வீட்டிலிருந்தாள்' என்று மாற்றுகிறேன். பலகை பற்றிய பகுதியில் உமிக் கணக்கெல்லாம் வருவதால் ஓட்டம் தடைப்படுகிறது, நீக்குகிறேன். உணர்ச்சி குறைவாகத் தோன்றும் இடங்களில் 'அடிமை' என்ற சொல் சேரும். ஏழு இடங்களில் சங்கிலி வருகிறது. சங்கிலி உருவகம். வாசகருக்குப் புரியும்.

ஜூலை 2, செவ்வாய்

இருபத்து மூன்று இடங்கள். மாலை நான்குக்குள் முடிந்தது. 'அள்ளவே இல்ல' என்ற வரியையும் எடுத்துவிட்டேன். அதே கருத்து நுழைவாயிலில் இன்னும் செறிவாக வந்திருக்கிறது. இப்போது 'இருப்பு' என்று தலைப்பு வைத்தால் புத்தகத்துக்குள் அந்தச் சொல்லே இராது என்று அறவாழியிடம் தெரிவித்தேன். அப்படியென்றால் சங்கிலியே இருக்கட்டும் என்றார்.

நன்றாகப் பசித்தது. இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தில் 'படிக்கக் கேட்டு சரியென ஒப்புக்கொண்டேன்' என்ற வாசகம் வர வேண்டும், அதன் கீழே தேசம்மாவின் கைநாட்டு வேண்டும் என்று எஸ்தர் எழுதியிருந்தாள். எனவே இன்று படித்துக் காட்டினேன்.

முறைப்படி நுழைவாயிலிலிருந்து தொடங்கினேன். ஐம்பத்து நான்கு பக்கம். தேசம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். சுமார் முப்பதாம் பக்கத்தில், "பாவம் டீச்சரம்மா. இது யாரு கதைங்க?" என்றாள்.

உன்னுடையதுதான் என்றேன். 

ஒரு மணிக்கு அவளுடைய பஸ் இருந்தது. மீதியைச் சுருக்கமாகச் சொன்னேன். நீங்க எளுதினா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லி, இடது கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தாள். சுவரில் பட்டுவிடக் கூடாதே என்று விரலை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டு போனாள்.

ஜூலை 28, ஞாயிறு

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் முழுப்பக்கத்துக்கு அவள் முகம். 'நுழைவாயிலும் தொகுப்பும்: முனைவர் கமலவேணி' என்பது, பூதக்கண்ணாடி கைவசம் இருப்பவர்களுக்காக, கீழே வலது மூலையில்.

தேசம்மா புத்தகத்தை முகர்ந்து பார்த்தாள். பச்சையம்மாவின் பெயர் எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டாள். பக்கம் புரட்டிக் காட்டினேன். அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே, இன்னும் எத்தனை இடத்தில் இருக்கிறது என்றாள். பதினொரு இடம் என்றேன். எண்ணியதில்லை.

ஆகஸ்ட் 3, சனி

கடைசி நாள் நெருங்கியதால் எஸ்தர் புத்தகம் கைக்கு வந்த மறுநாளே, படிக்காமலே, மனுவோடு தாக்கல் செய்துவிட்டாள். நேற்றுதான் படித்திருக்கிறாள். இன்று தொலைபேசியில் அழைத்தாள்.

"மேடம், 'இருப்பு' எங்க?"

தெளிவு கருதி என்றேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், அறுந்திருக்கவில்லை. பிறகு, தேசம்மா விசாரணையில் நேரிலேயே சொல்லட்டும், பதிவு உங்களிடம் இருக்கிறது அல்லவா என்று கேட்டாள். பழைய கைப்பேசி, தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

எஸ்தர் மூன்று முறை அழைத்திருந்தாள். தொட்டி கழுவ ஆள் வந்திருந்ததால் எடுக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

விசாரணை. விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

சார் ஆட்சியருக்கு முப்பது வயதுகூட ஆகியிராது. புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். மில் தரப்பு வக்கீல் அதைவிட ஒருபடி மேல். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தார். என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக என்னைப் படித்தவர் வேறு யாருமில்லை.

மில்லிலிருந்து பன்னிரண்டு பேரையும் வேனில் கொண்டு வந்திருந்தார்கள். சுவரோரம் வரிசையாக நின்றார்கள். வாசலில் மேஸ்திரி. பச்சையம்மா யார் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை, அதே நெற்றி. தேசம்மா உள்ளே வந்ததிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வக்கீல் தொடங்கினார். "ஏம்மா, எழுபதாம் பக்கத்துல சங்கிலின்னு இருக்கு. மில்லுல உன்ன சங்கிலி போட்டா வச்சிருந்தாங்க?"

"இல்லீங்க. சங்கிலி கிங்கிலிலாம் இல்ல."

"அடிமைன்னு நாப்பத்தோரு எடத்துல இருக்கு. அது நீ சொன்னதா?"

"நான் இருப்புன்னு சொன்னேங்க."

"அது எத்தனாவது பக்கம்?"

தேசம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சார் ஆட்சியர் பக்கம் திரும்பி, பலகையைப் பற்றியும் சந்தையைப் பற்றியும் இருப்பு என்றால் என்ன என்பதையும் தானாகவே சொன்னாள். ஏழு நிமிடம் இருக்கும். சார் ஆட்சியர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நகரக் கூடத்தில் பார்த்தது.

வக்கீல் பொறுமையாக எழுந்தார். புத்தகத்தின் நூற்று அறுபத்தெட்டுப் பக்கங்களிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றார். படிக்கக் கேட்டு சரியென ஒப்புக்கொண்டேன் என்று கைநாட்டு வைத்திருக்கும் பெண், இன்று புதிதாகச் சொல்வது யாரோ சொல்லிக்கொடுத்தது என்றார். அறுபத்தோராம் பக்கத்தைப் பிரித்து, 'தங்கை வீட்டிலிருந்தாள், நான் சந்தைக்குப் போனேன்' என்று வாசித்தார். நல்ல உச்சரிப்பு.

"ஒருத்தர் வீட்டுல இருக்க, ஒருத்தர் சந்தைக்குப் போறதுன்னா, அது எங்க வீட்டுலயும் தினம் நடக்குதுங்க ஐயா."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

சார் ஆட்சியர் என்னிடம் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். இவங்க உங்ககிட்ட முதலில் என்ன சொன்னாங்களோ, அதனுடைய மூலப் பதிவு ஏதாவது இருக்கிறதா என்றார். இருந்தால் இன்றைக்கே கேட்டுவிடத் தயார் என்றார்.

எஸ்தர் என் பக்கம் திரும்பவில்லை. தேசம்மா திரும்பினாள்.

"டீச்சரம்மா, உங்க போன்ல சொன்னேனே. அத்த ஒரு தபா போடுங்களேன்."

கைப்பேசி கைப்பையில் இருந்தது. அறுபத்திரண்டு சதவீதம் சார்ஜ். ஆனால் பதிவின் ஒலித்தரம் ஓர் அரசு விசாரணைக்கு ஏற்றதாக இராது என்று கருதினேன். பின்னணியில் குக்கர் விசில் வரும். தவிர, ஒரு நூலின் இறுதி வடிவமே அதன் அதிகாரபூர்வ வடிவம் என்பது பதிப்பியலில் ஏற்கப்பட்ட கொள்கை.

"மூலம்னு தனியா எதுவும் வச்சுக்கல சார்" என்றேன். "புத்தகம்தான் மூலம்."

அவர் பென்சிலை மூடிய புத்தகத்தின் மேல் வைத்தார்.

பிறகு பன்னிரண்டு பேரையும் ஒன்றாகக் கேட்டார்கள். உங்களை யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா என்ற கேள்விக்கு முதலாமவர் இல்லை என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பச்சையம்மா கடைசி. இல்லீங்க என்றாள். சார் ஆட்சியர், ஆணை பின்னால் வரும், அதுவரை விருப்பம்போல் போகலாம் இருக்கலாம் என்றார்.

தாழ்வாரத்தை ஒட்டி மேஸ்திரி ஆட்களை எண்ணி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். தேசம்மா நேரே அவரிடம் போனாள். எஸ்தர் பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்தாள். நான் தூணருகே நின்றதால் பேச்சு காதில் விழுந்தது.

"வுடுங்க எஸ்தரம்மா. பத்து மாசமா அவ எனக்கு இருந்தா."

எஸ்தர் என்னென்னவோ சொன்னாள். மேல்முறையீடு என்றாள், உயர் நீதிமன்றம் என்றாள். தேசம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், என் நுழைவாயிலைக் கேட்டதுபோல். பிறகு மேஸ்திரியிடம், "நான் ஏறிக்கிறேன். அவள எறக்கு" என்றாள்.

பச்சையம்மா இறங்க மாட்டேன் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தேசம்மா ஏறி, தங்கையின் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்தாள். அடித்தாள் என்றும் சொல்லலாம். காதில் ஏதோ சொன்னாள். பச்சையம்மா இறங்கினாள்.

மேஸ்திரி மறுபடி எண்ணினார். பன்னிரண்டு. வேன் நாலு ஐம்பதுக்குப் புறப்பட்டது. நான் ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினேன்.

செப்டம்பர் 11, புதன்

ஆணை வந்தது. இரண்டு பக்கம். மனு தள்ளுபடி. சுதந்திரமாக வெளியே சென்று வருவதில் தடை இருந்ததாக மனுதாரரின் சொந்த நூலே கூறவில்லை என்று காரணம் காட்டியிருக்கிறது. நூலின் நடையைப் பற்றி எதுவும் இல்லை.

மேல்முறையீட்டுக்காகப் பச்சையம்மாவிடம் வாக்குமூலம் வாங்கப்போவதாக எஸ்தர் சொன்னாள். பதிவு செய்ய வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் மேடம், அவளே வேண்டாம் என்கிறாள் என்றாள். காரணம் கேட்கவில்லை. கைப்பேசியில் இடம் போதாததால் ஜூன் மாதத்துக் கோப்புகளை அழித்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

சென்னையில் பரிசளிப்பு. ஆண்டின் சிறந்த தன்வரலாறு. நூலாசிரியர் வர இயலாததால் அவர் சார்பில் நான் பெற்றுக்கொண்டேன்.